விசைக் கருவிகளின் ஆயுள்: ஆண்டுக் கணக்கா, மணிக் கணக்கா?

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் மரச் செதுக்கு வேலை வழிவழியாக நடந்துவரும் தொழிலாகும். இராஜஸ்தானத்தின் மக்ரானாவில் சலவைக்கல் வேலையும் அத்தகையதே. தாஜ்மகாலுக்குக் கல் தந்த ஊர் அது. முன்னாளில் இவ்வூர்களின் பட்டறைகளில் உளியும் கொட்டாப்புளியும் எழுப்பிய ஓசையே கேட்டது. இன்று அவ்வோசையுடன் மின்விசைக் கருவிகளின் இரைச்சலும் கலந்து ஒலிக்கின்றது. துளையிட டிரில், அறுக்க வட்ட ரம்பம், தேய்த்து மெருகிட ஆங்கிள் கிரைண்டர் எனப் பல கருவிகள் கைவினைஞரின் கையில் இடம் பெற்றுள்ளன. நாட்டின் ஏனைய பகுதிகளில் உள்ள தச்சர், கொத்தனார், கொல்லர் ஆகியோரின் நிலையும் இதுவே.

உளியின் விலையோடு ஒப்பிட்டால் இக்கருவிகளின் விலை பன்மடங்காகும். பலர் கடன் பெற்றே இவற்றை வாங்குகின்றனர். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில், 18 வகைத் தொழில்களைச் சேர்ந்த கைவினைஞர்கள் கருவிகள் வாங்குவதற்கு ரூ. 15,000 வரை உதவி அளிக்க வகை செய்யப்பட்டது. அவ்வுதவி ஒருமுறை மட்டுமே கிடைப்பது. அதனைக் கொண்டு வாங்கிய கருவி விரைவில் எரிந்துபோகுமாயின், அடுத்த கருவிக்கான பணம் கைவினைஞரின் சொந்த வருவாயிலிருந்தே வரவேண்டும். ஆகவே, "இது எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்று அவர் கடையில் கேட்கும் கேள்வி வெறும் பேச்சன்று, ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தொட்ட கேள்வியாகும். கிராமங்களில் பணிபுரியும் அலுவலரையும், தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியரையும் இதே கேள்வி அடிக்கடி எதிர்கொள்கின்றது. அதற்கு விஞ்ஞானம் தரும் விடை யாது?

கருவி வந்த வரலாறு

கையில் ஏந்தி வேலை செய்யக்கூடிய மின்கருவி தோன்றி ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1889-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத்தால் இயங்கும் துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவியை 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் சகோதரர்கள் உருவாக்கினர். கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட அமைப்புக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. இன்றைய டிரில்லின் உருவம் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்ததே. 1961-இல் அதே நிறுவனம் மின்கம்பி தேவைப்படாத, பாட்டரியால் இயங்கும் டிரில்லை வெளியிட்டது.

இவ்வளவு நீண்ட அனுபவம் இருந்தும், ஒரு கருவியின் ஆயுள் இத்தனை ஆண்டுதான் என்று எவராலும் திட்டமாகக் கூற முடிவதில்லை. காரணம், கேள்வியே ஆண்டுக் கணக்கில் கேட்கப்படுவதுதான்.

ஓடிய மணிகளே ஆயுள்

வீட்டில் ஆணியடிக்கத் துளையிடுவதற்காக வைத்திருக்கும் டிரில் மாதம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஓடுகிறது எனக் கொள்வோம். ஆண்டில் அது ஓடுவது 2 மணி நேரம். ஒரு தச்சர் தம் டிரில்லை நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம், ஆண்டில் 300 நாள் இயக்குவாராயின், ஆண்டுக்கு 600 மணி ஆகிறது. தச்சரின் கையில் ஓராண்டில் தீரும் உழைப்பை வீட்டுக்காரர் தீர்ப்பதற்கு 300 ஆண்டுகள் வேண்டும். பயிற்சி நிலையத்தில் 20 மாணவர் ஆளுக்கு ஆறு நிமிடம் இயக்கினாலும் நாள் ஒன்றுக்கு இரண்டு மணியாகிவிடும். அதாவது, ஒரு வகுப்பறையின் டிரில் ஒரு முழுநேரத் தச்சரின் டிரில்லுக்குச் சமமாக உழைக்கின்றது. அதுவும் பழகாத கைகளில் உழைக்கின்றது.

எனவே மோட்டார் வண்டியின் உழைப்பைக் கிலோமீட்டரில் அளப்பது போல, விசைக் கருவியின் உழைப்பை அது ஓடிய மணிகளால் அளப்பதே முறையாகும். ஓடாமல் கிடக்கும் கருவிக்கும் மூப்பு உண்டு என்பது உண்மை. கிரீஸ் கெட்டியாகும், மின்கம்பியின் ரப்பர் உறை வெடிக்கும், ஈரத்தால் துரு ஏறும். எனினும் நாள்தோறும் உழைக்கும் கருவியைக் கொல்வது காலமன்று, ஓட்டமே.

சிறிய உடல், பெரிய வேகம்

வீட்டின் கூரையில் சுழலும் மின்விசிறி இருபது ஆண்டுகள் உழைப்பதைக் கண்டவர், அதனினும் விலை மிகுந்த கிரைண்டர் இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவதைக் கண்டு வியப்படைவது இயல்பு. இதன் காரணம் கருவியின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

மின்விசிறியில் உள்ளது தூண்டல் மோட்டார். நம் நாட்டு 50 சுழற்சி மின்சாரத்தில் இவ்வகை மோட்டார் எதுவும் நிமிடத்திற்கு 3,000 சுற்றை மிஞ்ச இயலாது. கூரை விசிறி ஏறத்தாழ 350 சுற்றே சுழல்கிறது. கைக்கருவியில் இருப்பதோ யூனிவர்சல் மோட்டார். இதன் ஆர்மேச்சர் நிமிடத்திற்கு 20,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும். விசையாற்றல் என்பது முறுக்குவிசையையும் வேகத்தையும் பெருக்கிய பயனாதலால், வேகத்தைக் கூட்டினால் சிறிய மோட்டாரே பெரிய வேலையைச் செய்யும். கையில் ஏந்தத்தக்க எடையில் 600 வாட், 800 வாட் ஆற்றலை அடக்கியது இவ்வுபாயத்தால்தான். அவ்வேகம் பல்சக்கரங்களால் குறைக்கப்பட்டு டிரில்லின் அலகுக்குச் செல்கின்றது.

இந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை ஆயுளே ஆகும். பேரிங்கை எடுத்துக்கொண்டு இதனைக் கணக்கிட்டுக் காட்டலாம். சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பாம்கிரென் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1947-இல் வெளியிட்ட விதியின்படி, ஒரு குண்டு பேரிங்கின் தாங்கு திறனைச் சுமையால் வகுத்து, வந்த எண்ணை மும்முறை தன்னால் பெருக்கினால், அதன் ஆயுள் பத்து இலட்சம் சுற்றுகளின் மடங்காகக் கிடைக்கும். சுமை தாங்கு திறனில் பத்தில் ஒரு பங்காயின், ஆயுள் 1,000 மடங்கு பத்து இலட்சம், அதாவது 100 கோடிச் சுற்று. இதே பேரிங் நிமிடத்திற்கு 350 சுற்று சுழலுமாயின் 100 கோடிச் சுற்றை முடிக்க 47,000 மணிக்கு மேலாகும். நிமிடத்திற்கு 20,000 சுற்று சுழலுமாயின் அதே 100 கோடிச் சுற்று ஏறத்தாழ 833 மணியில் முடிந்துவிடும். பேரிங் மட்டமானதன்று, அது விரைவாகத் தன் ஆயுளைச் செலவிடுகின்றது, அவ்வளவே.

இவ்விதியில் மற்றொரு பாடமும் உண்டு. சுமை இருமடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகின்றது. மழுங்கிய அலகைப் பொருத்திவிட்டு உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து அழுத்துபவர், சில ரூபாய் பெறும் அலகை மிச்சப்படுத்திப் பல நூறு ரூபாய் பெறும் பேரிங்கையும் மோட்டாரையும் செலவிடுகின்றார்.

தேயவே படைக்கப்பட்ட உறுப்புகள்

கருவியின் எல்லா உறுப்புகளும் ஒரே சமயத்தில் அழிவதில்லை. முதலில் தேய்வது கார்பன் பிரஷ். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் இவ்விரு கரித் துண்டுகள், கம்யூட்டேட்டர் என்னும் செப்பு வளையத்தின் மீது உராய்ந்துகொண்டே இருப்பவை. செம்பு தேயாதிருக்கும் பொருட்டுக் கரி தேய்கின்றது. ஆகவே பிரஷ் தேய்ந்தது கருவியின் குற்றமன்று. விளக்கில் திரி கருகுவது போன்றதே. தேய்ந்து மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்போது இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். மாற்றாது விட்டால் வில்லின் அழுத்தம் குறைந்து தீப்பொறி பெருகும். அப்பொறி செப்பு வளையத்தை அரித்துவிடும். குறைந்த விலையுள்ள பிரஷ்ஷை மாற்றத் தவறியதால் கருவியின் மிக விலையுயர்ந்த உறுப்பான ஆர்மேச்சரே கெட்டுப்போவது பட்டறைகளில் அன்றாடம் காணும் காட்சியாகும்.

அடுத்து வருவன விரல் விசையும், மின்கம்பி கருவிக்குள் நுழையும் இடமும், பல்சக்கரப் பெட்டியின் கிரீஸும், பேரிங்குகளும் ஆகும். இவை யாவும் மாற்றக்கூடியவை. இறுதியாக வருவன ஆர்மேச்சரின் காயிலும், அதனைச் சூழ்ந்த ஃபீல்டு காயிலும். இவை எரியும்போதுதான் கருவி இறந்தது எனக் கருதப்படுகின்றது. ஆகவே, "கருவி எவ்வளவு நாள் உழைக்கும்?" என்னும் கேள்வியின் சரியான வடிவம், "காயில் எவ்வளவு நாள் உழைக்கும்? அதுவரை ஏனைய உறுப்புகள் கடையில் கிடைக்குமா?" என்பதே.

உஷ்ணமே பகை

காயிலின் செப்புக் கம்பி மீது பூசப்பட்ட மெல்லிய எனாமல் பூச்சே அதன் உயிர். இப்பூச்சு இரசாயன மாறுதலால் சிறிது சிறிதாக மூப்படைகின்றது. உஷ்ணம் ஏற ஏற அம்மாறுதல் விரைவடையும். உஷ்ணநிலை 10 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் காப்புப் பொருளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின் பொறியியலாளர் நெடுங்காலமாகக் கையாளும் தோராய விதி. 130 டிகிரியில் 20,000 மணி நிற்கக்கூடிய பூச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 140 டிகிரியில் 10,000 மணியும், 150-இல் 5,000 மணியும், 160-இல் 2,500 மணியும், 170-இல் 1,250 மணியும், 180-இல் 625 மணியுமே நிற்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு கருவிகள், ஒன்று பத்தாண்டும் மற்றொன்று பத்து மாதமும் உழைப்பதன் இரகசியம் பெரும்பாலும் இந்த 50 டிகிரியில் அடங்கியிருக்கின்றது.

உஷ்ணம் மூன்று வழிகளில் மிகுகின்றது. முதலாவது, அளவுக்கு மிஞ்சிய சுமை. மின்னோட்டம் இரட்டித்தால் காயிலில் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும். அலகு கான்கிரீட்டிலோ கம்பியிலோ சிக்கி மோட்டார் நின்றுவிடுமானால், மின்னோட்டம் இயல்பைவிடப் பன்மடங்கு பாயும். அதே வேளையில் மோட்டாரோடு சேர்ந்து சுழலும் விசிறியும் நின்றுவிடுவதால் குளிர்ச்சி இல்லாமற் போகும். அந்நிலையில் விசையை அழுத்திக்கொண்டே இருப்பது பல மாத ஆயுளை ஒரு நிமிடத்திற்குள் எரித்துவிடுவதாகும். கடும் வேலைக்குப் பின் கருவியை உடனே கீழே வைத்துவிடாமல், சுமையின்றிச் சற்று நேரம் ஓடவிட்டால், விசிறியின் காற்று காயிலைக் குளிர்விக்கும்.

இரண்டாவது தூசி. விசிறி காற்றை உள்ளிழுக்கும்போது வேலையின் தூசியையும் சேர்த்தே இழுக்கின்றது. கல் தூசி காயிலின் பூச்சை உப்புத்தாள் போலத் தேய்க்கும். இரும்புத் தூசி மின்சாரத்தைக் கடத்தி உட்சுற்றை ஏற்படுத்தும். மரத்தூள் காற்றுத் துவாரங்களை அடைக்கும். மக்ரானாவின் கல்தச்சரின் கிரைண்டருக்கும் சஹாரன்பூர் தச்சரின் டிரில்லுக்கும் ஒரே ஆயுளை எதிர்பார்ப்பது இதனால் பொருந்தாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் துவாரங்களைத் தூரிகையால் துடைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாவது, குறைந்த மின்னழுத்தம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் மெல்லிய நீட்டிப்புக் கம்பியைக் கொண்டு தொலைவிலிருந்து மின்சாரம் எடுப்பது வழக்கம். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 26 ஓம். 50 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் 100 மீட்டர் கம்பி, தடை 2.6 ஓம். 8 ஆம்பியர் மின்னோட்டம் அதில் பாயுமாயின் ஏறத்தாழ 21 வோல்ட் வழியிலேயே கழிந்துவிடும். 230 வோல்ட் மின்சாரம் கருவியை அடையும்போது 209 ஆகிவிடுகின்றது. வேகம் குறைகின்றது, விசிறியின் காற்றும் குறைகின்றது, வேலை மந்தமாவதைக் கண்ட தொழிலாளி இன்னும் வலிந்து அழுத்துகின்றார். உஷ்ணம் ஏறுகின்றது. இருமடங்கு தடிப்புள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இந்த இழப்பு ஏறத்தாழப் பாதியாகும்.

சராசரியும் தனி ஒன்றும்

மேலே கூறிய பேரிங் விதி தரும் ஆயுள், நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் கடக்கக்கூடிய ஆயுளாகும். எஞ்சிய பத்து அதற்கு முன்பே அழியக்கூடும். பாதிப் பேரிங்குகளோ அதனைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு காலம் உழைக்கும். ஆயுள் என்பது ஓர் எண்ணன்று, எண்களின் பரவல் என்பதை இதனால் அறியலாம். "என் கருவி பத்தாண்டு உழைத்தது" என்று ஒருவர் கூறுவதும், "என்னுடையது ஆறு மாதத்தில் போயிற்று" என்று மற்றொருவர் கூறுவதும் ஒன்றையொன்று பொய்ப்பிப்பன அல்ல.

இயந்திரங்கள் பழுதாகும் விகிதத்தை வரைபடமாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றத்தை ஒத்திருக்கும். தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுது மிகுந்திருக்கும். பின்னர் நெடுங்காலம் தாழ்ந்திருக்கும். இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் உயரும். உற்பத்தியாளர் தரும் உத்தரவாதக் காலம் பெரும்பாலும் முதற் பகுதியை நோக்கியதே. ஓராண்டு உத்தரவாதம் என்றால் ஆயுள் ஓராண்டு என்பது பொருளன்று. அதற்கு மேல் உழைத்தே தீரும் என்பதும் பொருளன்று. புதிய கருவியை வாங்கியவர் அதனைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல், உத்தரவாதக் காலத்திலேயே முழு வேலையில் ஈடுபடுத்துவது அறிவுடைமையாகும். உள்ளே குறை இருப்பின் அப்போதே வெளிப்படும்.

தர முத்திரையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கைக்கருவிகளுக்கென வகுக்கப்பட்ட 60745 என்னும் சர்வதேச மின்தொழில்நுட்பத் தர விதியில் ஒரு நீடிப்புச் சோதனை உண்டு. அதில் கருவி சுமையின்றி, குறித்த மின்னழுத்தத்தைவிடப் பத்து சதவீதம் மிகுந்த அழுத்தத்தில் 24 மணியும், பத்து சதவீதம் குறைந்த அழுத்தத்தில் 24 மணியும் விட்டுவிட்டு இயக்கப்படுகின்றது. மொத்தம் 48 மணி. பயன்படுத்துவோருக்கு மின் அதிர்ச்சி போன்ற தீங்கு நேராது என்பதை உறுதி செய்வதே இத்தகைய விதிகளின் நோக்கம். ஆயிரம் மணி உழைக்கும் என்பதற்கு அவை சான்றல்ல.

பாட்டரிக் கருவிகளின் நிலை

பாட்டரியால் இயங்கும் கருவிகளில் கணக்கு வேறுபடுகின்றது. இன்று இவற்றில் பெரும்பாலும் லித்தியம் அயனி மின்கலங்களே உள்ளன. 3.6 வோல்ட் கலங்கள் ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட் கிடைக்கும். இக்கலங்கள் சில நூறு முறை மின்னேற்றம் பெற்றபின் தம் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன. 500 முறை தாங்கும் பாட்டரிகள் இரண்டை ஒரு தச்சர் வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒவ்வொன்றையும் ஒருமுறை மின்னேற்றிப் பயன்படுத்துகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலை நாள் எனில், ஏறத்தாழ 20 மாதத்தில் இரண்டுமே தளர்ந்துவிடும்.

பல புதிய கருவிகளில் பிரஷ் இல்லாத மோட்டார் அமைந்துள்ளது. தேய்வதற்குக் கரியும் செப்பு வளையமும் இல்லாமையால் மோட்டார் நெடுங்காலம் உழைக்கும். ஆயின் அதனை இயக்கும் மின்னணுப் பலகை பழுதானால், ஊர்ப் பட்டறையில் அதனைச் சீர்செய்வது அரிது. அன்றியும், உற்பத்தியாளர் பாட்டரியின் பொருத்து அமைப்பை மாற்றிவிடுவாராயின், நல்ல நிலையில் உள்ள கருவியும் பாட்டரி கிடைக்காமல் முடங்கிவிடும். எனவே இவ்வகைக் கருவியை வாங்குவோர் கருவியின் ஆயுளைக் காட்டிலும் பாட்டரியின் விலையையும், அது தொடர்ந்து கிடைக்கும் வாய்ப்பையும் முதலில் விசாரிக்க வேண்டும். பாட்டரியை வெயிலில் நிற்கும் வண்டியில் வைப்பதும், முழு மின்னேற்றத்துடன் மாதக்கணக்கில் போட்டு வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பயனற்றதைக் குப்பையில் எறியாமல் முறையாகச் சேகரிக்க 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வகை செய்துள்ளன.

விலை மிகுந்தது எவருக்கு மலிவு?

விலையையும் ஆயுளையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ரூ. 3,000 விலையுள்ள கருவி 200 மணி உழைத்து, பழுதுபார்க்க இயலாமல் அழிகின்றது எனவும், ரூ. 12,000 விலையுள்ள கருவி இடையே ரூ. 3,000 பழுதுபார்ப்புச் செலவுடன் 1,500 மணி உழைக்கின்றது எனவும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மணிக்கு ரூ. 15, இரண்டாவதற்கு மணிக்கு ரூ. 10. ஆண்டுக்கு 600 மணி இயக்கும் தச்சருக்கு மலிவான கருவியால் ஆண்டுக்கு ரூ. 9,000 செலவாகும், விலை மிகுந்த கருவியால் ரூ. 6,000 ஆகும். மேலும் மலிவான கருவி ஆண்டில் மூன்று முறை வேலையின் நடுவே நின்றுவிடும். அந்நாட்களின் கூலி இழப்பும், வேலை கொடுத்தவரின் நம்பிக்கை இழப்பும் இக்கணக்கில் சேராதவை.

ஆண்டுக்கு 20 மணி மட்டுமே இயக்குபவருக்கோ மலிவான கருவி பத்தாண்டு வரும். விலை மிகுந்த கருவியின் 1,500 மணியைத் தீர்க்க அவருக்கு 75 ஆண்டுகள் வேண்டும். அவர் அதனை வாங்குவது வீண் செலவே. ஆகவே எக்கருவி சிறந்தது என்பதைக் கருவியைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன், அதனை இயக்கப்போகிறவரின் ஆண்டு மணிக்கணக்கைப் பார்த்தல் வேண்டும். கடன் பரிந்துரைக்கும் அலுவலர் முதலில் கேட்கத்தக்க கேள்வி இதுவே.

கணக்கேடுகளில் காணும் ஆயுள் வேறு என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களின் பயன் ஆயுளை 15 ஆண்டுகள் எனக் கொள்கின்றது. ஆயின் இரண்டு ஷிப்டு ஓடும் இயந்திரத்திற்குத் தேய்மானத்தை 50 சதவீதமும், மூன்று ஷிப்டு ஓடுவதற்கு 100 சதவீதமும் கூட்டிக்கொள்ளுமாறு அதே அட்டவணை கூறுகின்றது. ஆண்டுகளை எண்ணும் கணக்கரும் ஓட்டத்தை மறக்க இயலவில்லை என்பதற்கு இது சான்று.

பழுதுபார்ப்பதும் கைவிடுவதும்

பிரஷ், விசை, மின்கம்பி, பேரிங் ஆகியவற்றை மாற்றுவது எப்போதும் இலாபகரமானதே. காயில் எரிந்தால் மட்டும் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பழுதுபார்ப்புச் செலவைப் புதிய கருவியின் விலையோடு ஒப்பிடுவது போதாது; பழுதுபார்த்தபின் கிடைக்கக்கூடிய மணிகளோடு ஒப்பிட வேண்டும். பல்சக்கரமும் உடற்கூடும் தேய்ந்துபோன கருவிக்குப் புதிய ஆர்மேச்சர் பொருத்துவது பயனற்றது.

இங்குப் பாதுகாப்பும் குறுக்கிடுகின்றது. இன்றைய கைக்கருவிகள் பலவற்றில் சதுரத்தினுள் சதுரம் பொறித்த அடையாளம் காணப்படும். இரட்டைக் காப்பு உடையது, நிலக்கம்பி இணைப்பு வேண்டாதது என்பது அதன் பொருள். தகுதியற்ற கைகளில் வைண்டிங் மாற்றப்படும்போது இந்த இரண்டாவது காப்பு கெட்டுவிடக்கூடும். அத்தகைய கருவி முன்போலவே ஓடும். ஆயின் ஈரமான தரையில் நிற்பவரின் உயிருக்கு உலை வைக்கும். பழுதுபார்த்த இரட்டைக் காப்புக் கருவியை 500 வோல்ட் மெகரால் சோதிக்கும்போது 2 மெகஓமுக்குக் குறைந்த தடையைக் காட்டுமாயின், அதனை எவர் கையிலும் கொடுத்தலாகாது. மின்னிணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு விசை இருத்தல் நன்று. கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவதும் பொருந்தாது. 100 மில்லிமீட்டர் தட்டு 11,000 சுற்றில் சுழலும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கின்றது. தட்டு உடைந்தால் துண்டுகளும் அவ்வேகத்திலேயே பறக்கும்.

உதிரி உறுப்புகள் கிடைத்தாலன்றிப் பழுதுபார்ப்பு என்பது வெறும் சொல்லே. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. கைவினைஞரின் விசைக் கருவிக்கும் இதே நியாயம் பொருந்தும். விலை மிகுந்த தொழிற் கருவியை விற்பவரிடம் அதன் உறுப்புகளின் விளக்கப்படத்தையும், உதிரி உறுப்புகளின் விலைப் பட்டியலையும் கேட்பது வாங்குபவரின் கடமையாகும். அவற்றைத் தர இயலாத கருவியை, அதன் விலை எதுவாயினும், ஒருமுறை உழைத்து அழியும் கருவியாகவே மதிப்பிடல் வேண்டும்.

ஒரு சிறு குறிப்பேடு

ஆசிரியரும் அலுவலரும் இதில் செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். வாங்கிய நாள், விலை, நாள்தோறும் ஓடிய தோராய நேரம், பிரஷ் மாற்றிய நாள், கிரீஸ் இட்ட நாள், பழுது, அதன் காரணம், செலவு ஆகிய விவரங்கள் அதில் இருந்தால் போதும். பயிற்சி நிலையத்தில் இதனை மாணவரே முறைவைத்து எழுதலாம். ஈராண்டு சென்றபின் அவ்வேட்டைப் புரட்டினால், எந்தக் கருவிக்கு ஒரு மணி ஓட்டம் எத்தனை ரூபாய் ஆயிற்று என்பதும், எப்பழுது மீண்டும் மீண்டும் வருகின்றது என்பதும் புலப்படும். கணிதமும் மின்னியலும் பொருளாதாரமும் ஒருங்கே அமைந்த பாடம் இது. அடுத்த முறை கருவி வாங்கும்போது விளம்பரத்தை நம்பவேண்டிய அவசியமும் இராது.

ஆக, விலையுயர்ந்த விசைக் கருவி எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பதற்கு விடை ஒற்றை எண்ணாக அமைவதில்லை. பல இணை பிரஷ்களையும் ஓரிரு பேரிங்குகளையும் தேய்த்து முடிக்கும் வரை அதன் காயில் நிலைத்திருக்குமாயின், அக்கருவி தன் விலைக்கு நியாயம் செய்தது எனலாம். அந்த நியாயத்தில் ஒரு பாதியை உற்பத்தியாளர் தொழிற்சாலையில் வைத்து அனுப்புகின்றார். மறுபாதி கூர்மையான அலகிலும், தடித்த கம்பியிலும், துடைத்த துவாரத்திலும், உரிய காலத்தில் மாற்றிய பிரஷ்ஷிலும் இருக்கின்றது. கடன் வாங்கிக் கருவி வாங்கிய கைவினைஞருக்கு இம்மறுபாதியைக் கற்றுக்கொடுக்கச் செலவு ஏதுமில்லை.